முறுக்கு இருந்த புரட்டாசி விரதம்

ஏனுங்க, அந்தப் பைய மட்டும் சித்த நேரம் மடில வெச்சுக்கறீங்களா? கீழ வெச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு அக்கட்டாலயும் இக்கட்டாலயும் உருளும். என்ற மடியப் பாருங்க, சோத்தோட மூணு தூக்குப்போசி. காலுக்கடில ஒரு சாக்கு. கையி ரெண்டுதானே சாமி குடுத்திருக்கறான்.

நெம்ப சந்தோசமுங்க. தாராபுரத்துல ஏறுனீங்களா? நானும் அங்கதான். சிங்காநல்லூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அதுக்குத்தான் சீட்டு வாங்கியிருக்கறேன்.

கனமெல்லாம் இருக்காதுங்க, அரைக் கிலோ வந்தா சாஸ்தி. ஆடறாப்புல இருக்குதுங்களா? ஆடுமுங்க. உசுருள்ளது ஆடாம என்ன பண்ணும். கோழிக்குஞ்சு இல்லீங்க. முயலும் இல்லீங்க. சொல்றேன், ஆனா நீங்க எந்திரிக்கக் கூடாது. பாம்புங்க.

உக்காருங்க, உக்காருங்க. கண்டக்டரு திரும்பிப் பாக்கறாரு. விசமில்லாத பாம்புங்க. தலகாணி உறைக்குள்ள உட்டு, வாயக் கட்டி, உறையோட வாயங்க, பாம்போட வாயில்ல, டப்பாவுல வெச்சு மூடியும் போட்டாச்சு. நம்மூருப் பாம்ப வளத்தா புடிச்சு உள்ள போட்டுருவாங்க. இது ஆப்பிரிக்காப் பாம்பு. கவருமென்ட்டுல முறைப்படி பதிஞ்சு வெச்சிருக்கறா என்ற புள்ள. மலைப்பாம்புச் சாதிதான், ஆனா குட்டி. பயந்தா தலைய உள்ள ஒளிச்சு உருண்டையாச் சுருண்டுக்கும், அத்தோட சரி. இப்ப உங்களுக்கு அதக் கண்டு எத்தன பயமோ, அதுக்கு உங்களக் கண்டு அத்தன பயம். ரெண்டு பேரும் சமாதானமாப் போயிருங்க.

பேரு முறுக்கு. சிரிக்காதீங்க, நான் வெச்ச பேரில்ல, தாரணி வெச்சது. தாரணிதான் என்ற புள்ள. ஒரே புள்ள. ஒரு சமையக்காரன் மகளுக்கு வேற என்ன பேரு வாயில வரும். அது சுருண்டு கெடக்கறதப் பாத்தா கை முறுக்குதானுங்க, நெறமும் அப்படியே.

நான் நாச்சிமுத்து. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். தாராபுரம் சுத்துப்பட்டுல எந்தக் கல்யாண மண்டபத்துல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என்ற பந்தில உக்காந்தவன் அரை வயிறோட எந்திரிச்சான்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்தத் தூக்குப்போசிய உங்க கையில குடுத்துட்டு எறங்கிப் போயிடறேன். அதுக்கு ஒரு சூச்சுமம் இருக்குதுங்க. மத்த காண்ட்ராக்டருங்க எல போட்டதும் சமையக்கட்டுல போயி உக்காந்துக்குவாங்க. நான் பந்திக்கு முன்னால நிப்பேன். சாப்புடறவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பேன். ரசம் வாய்க்குள்ள போறப்ப புருவம் ஏறுச்சுன்னா புளி தூக்கல். கூட்டு வாய்க்குள்ள போயியும் கண்ணு பக்கத்து எலைக்குப் போச்சுன்னா உப்புப் பத்தல. எலைய மூடப் போற கையப் புடிச்சு, "ஏனுங்க, என்ன கொற?"ன்னு கேட்டுப் போடுவேன். ஆளு சாப்புடாம எந்திரிக்க முடியாது. பாத்துக்கிட்டே இருக்கோணும். அதாங்க தொழிலு.

என்ற புள்ளையையும் அப்படித்தான் வளத்தேன். சோறு போட்டா எதுத்தாப்புல உக்காந்து பாப்பேன். "ஏனுப்பா பாக்கறீங்க?"ம்பா. "நீ சாப்புடு கண்ணு, நான் சும்மா பாக்கறேன்"ம்பேன். காலேஜுக்குப் போயிட்டு வந்ததுலருந்து தட்டத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவா. எங்கியோ கத்துக்கிட்ட அகராதி. நான் கதவுக்கிட்ட நின்னு, "கொழம்பு போதுமா கண்ணு?"ன்னு கேப்பேன். அதுக்கும் கோவம் வரும் அவளுக்கு.

அவ ரூமுல இருந்தபடியே கம்ப்யூட்டர்ல வேல பாத்துக்கிட்டிருந்தா. அவ சம்பாத்தியத்துலதான் இந்த முறுக்க வாங்குனா. நான் ஒண்ணும் சொல்லல. கல்யாணம் ஆனா போறபோது கொண்டுட்டுப் போயிருவான்னு உட்டுட்டேன்.

கல்யாணத்துக்குப் பாக்காம இல்லீங்க. நாலு எடம் வந்துச்சு. நாலும் நல்ல எடம். கடேசியா காங்கயத்துக்காரங்க வந்தப்ப ரெண்டு வேன். ஒரம்பரைச் சனம் ஹாலு கொள்ளல. புள்ளைய நடுவுல சேர் போட்டு உக்கார வெச்சோம், எல்லாருக்கும் தெரியோணுமில்லீங்க. மேல இருந்த லைட்டு பத்தலேன்னு பந்தல்காரன்கிட்ட ஒரு போக்கஸ் லைட்டு வெலைக்கு வாங்கிப் போட்டேன். மாப்பிள்ளையோட அத்த எந்திரிச்சு வந்து புள்ள மோவாயத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ஒரு பெரிய மனுசரு, "சித்த நடந்து காட்டு அம்மணி"ன்னாரு. சாதாரணமா எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதானுங்க. நான் அன்னைக்கு கச்சாயம் சுட்டு, சந்தவை புழிஞ்சு, அத்தன பேத்துக்கும் எல போட்டேன். ஒருத்தர் எலைல ஒரு பருக்க மிச்சமில்ல. புள்ள மட்டும் சாப்புடல. நான் தட்டத் தூக்கிட்டுப் பின்னாலயே போனேன், கதவத் தொறக்கல.

அடுத்த வாரமே ஆபீசுல கூப்புடறாங்கன்னு கோயமுத்தூருக்குக் கெளம்பிட்டா. இத்தன நாளு ஊட்டுல இருந்தே பாத்த வேலைக்கு எதுக்குத் திடீர்னு ஆபீசுக்குக் கூப்புடறான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலீங்க. ஆவணில போனவ, ஐப்பசி வந்தும் ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. போன் போட்டா, "சாப்டியா கண்ணு?"ம்பேன். "சாப்டேம்பா"ம்பா. அத்தோட போன வெச்சுருவா. ஊருக்கெல்லாம் சோறு போடறவன், என்ற புள்ள என்ன தின்னா, எங்க தின்னான்னு தெரியாம ரெண்டு மாசம் வெசனப்பட்டேன். அவ ஊட்டுக்கு வந்து என்ற கையால ஒரு வாய் திங்கோணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டியதில்லீங்க.

போகையில முறுக்க எங்கிட்ட உட்டுட்டுப் போனா. ஹாஸ்டல்ல பாம்பச் சேக்க மாட்டாங்களாம், சொந்தமா ரூம் புடிக்கற வரைக்கும் பாத்துக்கோணும்னா. எப்படிப் பாத்துக்கறதுன்னு கேட்டேன். கேளுங்க, அவ சொன்னத அப்படியே சொல்றேன். "வாரத்துக்கு ஒருக்கா ஒரு எலி குடுங்கப்பா. மத்த நேரம் ஒண்ணும் பண்ணாதீங்க. தொடாதீங்க, எடுக்காதீங்க, பாக்காதீங்க." ஒண்ணும் பண்ணாம எப்படிங்க ஒரு உசுர வளக்கறது? பச்ச மொளகா நாத்துக்கே தெனம் ரெண்டு தடவ போயி நின்னு பாக்கறமா இல்லையா.

எலி பத்திச் சொல்லோணும். செத்த எலிங்க, ஐஸ் வெச்சு பார்சல்ல வரும். தெருவுல தெரிஞ்சா மானம் போயிரும்னு என்ற ஊட்டுக்காரி மரகதம் கொரியர்காரன்கிட்ட சேலைன்னு சொல்லி வெச்சிருக்கறா. அந்தப் பையன், "அக்கா, இத்தன சேலையா?"ன்னு கேக்கறானாம். அந்த எலியச் சுடுதண்ணில போட்டுப் பதமாக்கி, இடுக்கியில புடிச்சு முறுக்குக்கு முன்னால காட்டோணும். லைட்ட அணைச்சுப்போட்டு வெளிய வந்தரோணும். அவ இருந்தப்ப அது ஒருக்காக்கூட வேண்டான்னதில்ல.

அது இருந்த எடத்தப் பாத்தா நீங்களே கோவிச்சுக்குவீங்க. துணி வெக்கற பிளாஸ்டிக் டப்பா. காத்துக்கு ஓட்ட. உள்ள பேப்பர், ஒரு தண்ணிக் கிண்ணம், கவுத்து வெச்ச பூந்தொட்டி. அந்தத் தொட்டிக்குள்ள பூந்து நாளு பூரா அசையாமப் பொட்டாட்டக் கெடக்கும். என்ற மனசு கேக்கல. என்ற புள்ள ஆசையா வளத்தது இருட்டுல கெடக்கோணுமா? கல்யாணத்துல ஸ்வீட் அடுக்கி வெக்கற கண்ணாடிப் பொட்டி ஒண்ணு இருந்துச்சு. மூணு பக்கம் கண்ணாடி, உள்ளயே டியூப் லைட்டு. கழுவித் தொடச்சு, ஹால்ல டிவிக்கு எதுத்தாப்புல வெச்சு, முறுக்க உள்ள உட்டேன். தொட்டிய எடுத்துப் போட்டுட்டேன், உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டா நாம எப்படிப் பாக்கறது?

உட்டதுலருந்து சுத்த ஆரம்பிச்சுதுங்க. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாம ஓட்டம். மூக்கக் கண்ணாடில தேய்க்கும். மேல ஏறி மூடிய முட்டும். "பாரு மரகதம், பெரிய ஊடு கெடச்ச சந்தோசத்துல ஓடியாடுது"ன்னேன். அவளும், "ஆமாங்க, பெரதட்சணம் வருது"ன்னா.

அந்த வாரம் எலிய வெச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் கண்ணாடில மூஞ்சிய ஒட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். புருவம் இல்லாத சாதிங்க, புளியா உப்பான்னு கண்டுபுடிக்க வழியில்ல. சேரப் போட்டு உக்காந்து, "சாப்புடு சாமி, என்ன கொற சொல்லு"ன்னு கெஞ்சறேன். அடுத்த வாரமும் வேண்டாங்குது. ஏனுங்க, மூவாயிரம் பேத்துக்கு ஒரே மூச்சுல சமைச்சு எறக்கறவன் நான். என்ற கட்ட வெரலு அகலம் தலை இருக்கற ஒரு ஜீவன், என்ற சோத்த வேண்டாங்குது. நான் உடுவனா? காடை முட்ட வெச்சேன். கோழி ஈரல சின்னச் சின்னதா அரிஞ்சு வெச்சேன். ஆட்டுக் கறில நரம்பெல்லாம் எடுத்துப்போட்டுப் பஞ்சாட்ட வெச்சேன். எலியவே நெய்யில ஒரு பொரட்டுப் பொரட்டி வெச்சேன். மரகதம் அந்த வாணலியக் கொண்டு போயிக் குப்பைல வீசிட்டா. முறுக்கு ஒண்ணையும் தொடல, ஓடறதையும் நிறுத்தல.

அதுக்குள்ள புரட்டாசி பொறந்துருச்சு. எங்கூட்டுல புரட்டாசில கவுச்சி கெடையாது. ஈரலு, எலி, பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா மரகதம். நான் திருட்டுத்தனமா கறிக்கடைக்காரருகிட்டப் போயி எலியச் சுடுதண்ணில போட்டுக் கொண்டாந்து காட்டுனேன். அப்பவும் திங்கல. அன்னைக்குப் பாத்து எதுத்தூட்டு சம்பூரணத்தக்கா காப்பித்தூள் வாங்க வந்துச்சு. விசயத்தக் கேட்டுப்போட்டு மோவாயில வெரல வெச்சு ரெண்டு நிமிசம் நின்னுச்சு. அப்புறமேட்டுக்குச் சொல்லுச்சு பாருங்க: "அடப் பாவி நாச்சிமுத்து. பெருமாளுக்கே படுக்கையா இருக்கற சாதிடா. புரட்டாசில எலி திங்குமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. ஆதிசேசன்! அந்த ரோசன எனக்கு வரலியே. என்ற சமையல்ல கொறையில்ல, அது விரதம் இருக்குது. அன்னைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்துச்சு.

மொதச் சனிக்கெழம தெருவே வந்துருச்சு. தொளசி மாலை, கற்பூரம். கண்ணாடி மேல யாரோ நாமம் போட்டாங்க. சாம்பிராணிப் பொகையில முறுக்கு இருக்கற எடமே தெரியல. ஒவ்வொருத்தரும் கண்ணாடியத் தட்டி, "ஏனு சாமி"ங்கறாங்க. அது இன்னும் வேகமாச் சுத்துது, அது வேகமாச் சுத்தச் சுத்த இவுங்க "கோவிந்தா, கோவிந்தா"ங்கறாங்க. வலமாப் போனா காரியம் பலிக்கும், எடமாப் போனா பலிக்காதுன்னு ஒரு கணக்கும் கண்டுபுடிச்சுட்டாங்க. மளிகைக்கடை அண்ணாச்சி பையன் வேலைக்குக் கேட்டாரு, வலமாப் போச்சு. பையனுக்கு நெசமாவே வேல கெடச்சிருச்சுங்க. அடுத்த சனிக்கெழம மூலனூர்லருந்து ஆளு வருது.

வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பற வழக்கம் நமக்கில்லையே. சக்கரப் பொங்கல், சுண்டல், புளியோதரை. தொன்னைல போட்டுக் குடுத்துட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டு நின்னேன். பொய் சொல்லக் கூடாதுங்க, அந்த நாலு சனிக்கெழமையும் நான் தரைல நடக்கல.

தாரணி போன் பண்ணுவா. "முறுக்கு சாப்டுதாப்பா?" "சாப்டுது கண்ணு"ம்பேன். "நீ சாப்டியா?" "சாப்டேம்பா"ம்பா. நான் சொன்னதுதான் பொய். அவ சின்ன வயசுலருந்தே எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா.

குண்டடம் தாண்டிட்டமா? காத்தடிக்குதா உங்களுக்கு? ஜன்னல வேணும்னா சாத்திக்கறேன். முறுக்கு அசையறதில்ல பாருங்க. உங்க மடி புடிச்சுப் போச்சு அதுக்கு.

ஐப்பசி ஒண்ணாந்தேதி வந்துச்சு. விரதம் முடியற நாளு. சம்பூரணத்தக்கா எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டுது. ஹாலு, வாசலு, ஜன்னல் கம்பி பூரா தலை. யாரோ ஒரு மேளக்காரரக் கூட்டியாந்துட்டாங்க. நான் குளிச்சு வேட்டி கட்டி, போக்கஸ் லைட்டப் போட்டு, இடுக்கியில எலியப் புடிச்சு முறுக்கு முன்னால நீட்டறேன். டும்முனு மேளம். முறுக்கு ஒருக்கா எலியப் பாத்துச்சு. ஒருக்கா அத்தன தலையவும் பாத்துச்சு. அப்படியே தலைய உள்ள இழுத்து உருண்டையாச் சுருண்டுக்கிச்சு. நான் கெஞ்சறேன், கூட்டம் கோவிந்தாங்குது, மேளக்காரரு நிறுத்த மாட்டேங்கறாரு. கடேசில யாரோ, "அதுக்கு வெரதம் கார்த்திக வரைக்கும் போல"ன்னாங்க. எல்லாரும் புளியோதரையப் பாத்துத் திரும்பிட்டாங்க. நானும் திரும்பிட்டேன், அள்ளிப் போடறது நாந்தானே. மூடிய மறந்துபோட்டேன்.

வந்து பாத்தா பொட்டி காலி.

அதுக்கப்பறம் நடந்தத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருதுங்க. கோவிந்தா போட்ட அத்தன பக்தருங்களும் சேர் மேல ஏறிக்கிட்டாங்க. சம்பூரணத்தக்கா டைனிங் டேபிள் மேல. மேளக்காரரு மேளத்த உட்டுட்டே போயிட்டாரு. மரகதம் கையில தொடப்பக்கட்டை, அடிக்கவா கும்புடவான்னு அவளுக்கே தெரியல. கடேசில வால் நுனி மட்டும் பாத்திர ரூமுக் கதவுக்கடில போறத மரகதம் பாத்துட்டா. அந்த ரூமுல அண்டா, குண்டா, தாம்பாளம், கரண்டின்னு ஆயிரம் சாமான் இருக்குது. எங்க போயித் தேடறது?

தாரணிக்குப் போன் போட்டேன். புள்ள நம்பிக் குடுத்த ஒரே பொருள். இனி ஊட்டுக்கே வரமாட்டான்னு நெனச்சு அழுதுபோட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், கண்ணாடிப் பொட்டி, லைட்டு, நாமம், மேளம், ஒண்ணு உடாம. கத்துவான்னு பாத்தேன். கத்தல.

"எத்தன பேருப்பா வந்து பாத்தாங்க?"ன்னா.

"நெறைய கண்ணு. எல்லாரும் நல்லதுக்குத்தான் வந்தாங்க."

"ஒளிஞ்சுக்க எடமே இல்லையா உள்ள?"

"ஒளிஞ்சா எப்படி கண்ணு பாக்கறது?"

மூக்க உறியற சத்தம் கேட்டுச்சு. "அழுவறியா கண்ணு?"ன்னேன். "இல்லப்பா. அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்பா"ன்னா. பாம்போட மனசு இவளுக்கு எப்படிங்க தெரியும்? ஆனா அவ சொன்ன தினுசு என்னமோ நெஞ்சுக்குள்ள போயி நின்னுக்கிச்சு. அப்புறம், "எல்லாரையும் அனுப்பிப்போடுங்க. அந்த ரூமு லைட்ட அணைச்சுக் கதவச் சாத்துங்க. யாரும் தேடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கவே தொறக்காதீங்கப்பா. இந்த ஒருக்காவாச்சும்"னா.

அந்த ஞாயித்துக்கெழம எனக்கு ஒரு கல்யாண ஆர்டரு. பாத்திரம் பூரா உள்ள. நான் தொறக்கலீங்க. எனக்கு ஆகாத ஒரு காண்ட்ராக்டரு, முத்தூர்க்காரரு, அவருகிட்டப் போயி அண்டா வாடகைக்குக் கேட்டு நின்னேன். "என்னங்க நாச்சிமுத்து, பாத்திரம் வித்துப்போட்டீங்களா?"ன்னு கேட்டு எத்தன சிரிப்பு சிரிச்சாரு. வாங்கிக்கிட்டேன். ஊட்டுக்கு வந்தா அந்தக் கதவுகிட்டயே சேரப் போட்டு உக்காந்துக்குவேன். கையி தானாத் தாழ்ப்பாளுக்குப் போகும். மரகதம் கையில ஒரு தட்டு தட்டுவா. ஆளு ஒருத்தன் உள்ள பட்டினி கெடக்கறான், நான் எட்டிப் பாக்கக் கூடாது. எனக்குப் பொறந்ததுலருந்து இத்தன கஷ்டமான வேல யாரும் குடுத்ததில்ல.

அவ சொன்னன்னைக்குத் தொறந்தோம். மூலைல ஒரு சின்னக் குண்டான் கவுந்து கெடந்துச்சு, ஒரு பக்கம் தூக்குனாப்புல. மெல்ல நிமித்துனேன். உள்ள முறுக்கு, கை முறுக்காட்டச் சுத்திப் படுத்திருக்குது. ஓட்டமில்ல, முட்டல் இல்ல. நடு ஒடம்புல, இத்தன பெருசு வீக்கம். எலியப் புடிச்சுத் தின்னுபோட்டுதுங்க. தானா. யாரும் காட்டாம, யாரும் கெஞ்சாம. நாப்பது வருசமாப் பந்தி பாத்தவன் சொல்றேன், சாப்புட்ட ஒரு வயித்தப் பாத்து நான் இத்தன சந்தோசப்பட்டதில்ல. குண்டான மறுபடியும் கவுத்து வெச்சுட்டு, வாசல்ல வந்து நின்னு ஒரு ஆட்டம் போட்டேன். சம்பூரணத்தக்கா பாத்துட்டு, எனக்குத்தான் சாமி வந்துருச்சுன்னு கும்புட்டுட்டுப் போச்சு.

ஒண்ணு சொல்லோணும். என்ற பாத்திர ரூமுல எலி கெடையாதுங்க. அது பக்கத்தூட்டு எலியாத்தான் இருக்கோணும். இத வெளிய சொல்லிப்போடாதீங்க, தை மாசம் முச்சூடும் முகூர்த்தம் இருக்குது.

கண்ட எலியத் தின்னதுனால டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டோணுமாம், தாரணி சொன்னா. ரூமும் புடிச்சுட்டாளாம், கொண்டாங்கன்னா. "நானும் வந்து ஒரு வாரம் இருந்து சமைச்சுப் போடறேன் கண்ணு"ன்னேன். "வேண்டாம்பா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். குடுத்துட்டுப் போயிருங்க"ன்னா. அவ சொன்னா சொல்லட்டும். இந்தச் சாக்குல என்னன்னு நெனச்சீங்க? சின்ன கேஸ் அடுப்பு. அரிசி, பருப்பு, நாலு பாத்திரம். நேரா ரூமுக்கே போயி உக்காந்துட்டா என்ன பண்ணுவா? ஞாயித்துக்கெழம காங்கயத்துக்காரங்களும் வாரேன்னாங்க. இன்னொருக்கா புள்ளையப் பாக்கோணுமாம். ஊட்டுக்குத்தான வரமாட்டேங்கறா, அங்கயே வந்து பாத்துக்குங்கன்னு சொல்லியிருக்கறேன். அதுக்கும் சேத்து நாலு கிலோ அரிசி சாஸ்தியா வெச்சிருக்கறேன்.

என்னங்க? சித்த சத்தமாச் சொல்லுங்க, சூலூர்ல கூட்டம் ஏறுது.

கண்ணாடிப் பொட்டில வெச்சு ஆளாளுக்கு வந்து பாத்தா எப்படிங்க சாப்புடும்னா கேட்டீங்க? ஆமாங்க. வாஸ்தவம். போக்கஸ் லைட்டும் போட்டுன்னு கேக்கறீங்களா. ஆமாங்க, போட்டேன். நீங்க பாம்பத்தானே சொல்றீங்க?

பாம்பத்தான்னு சொல்றீங்க.

சித்த இருங்க.

எனக்கு ஒரே ஒரு போக்கஸ் லைட்டுதாங்க. ரெண்டுக்கும் அதையேதான் போட்டேன்.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தூசி. இந்த ரோட்டுல எப்பவுமே வேல நடக்குது. ஒண்டிப்புதூர் வந்துருச்சா? ஒரு நிமிசம், தரகருக்கு ஒரு போன் போட்டுக்கறேன். அலோ. நாச்சிமுத்து பேசறனுங்க. காங்கயத்துக்காரங்ககிட்டச் சொல்லிருங்க, ஞாயித்துக்கெழம வேண்டாம். இல்லீங்க, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. பாக்க வேண்டாம், அவ்வளவுதான். ஜாதகமெல்லாம் சரிதானுங்க. புள்ள சொல்லட்டும், அப்பறம் பேசிக்கலாம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். வெச்சுடறேன்.

ஏனுங்க, உங்ககிட்ட ஒரு ஒதவி. நீங்கதான் அதக் கொண்டு போயிக் குடுக்கோணும். டீக்கடைக்குப் பக்கத்துல தாரணி நிப்பா, பச்ச சுடிதாருன்னு சொன்னா. முறுக்கக் குடுங்க. இந்த மூணு தூக்குப்போசியவும் குடுங்க. ஒண்ணுல அரிசிம்பருப்பு சோறு, நெய் ஊத்தியாச்சு. ஒண்ணுல சந்தவை. ஒண்ணுல கச்சாயம். சாப்புடச் சொல்லாதீங்க. இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. சாக்கு வேண்டாம், சாக்கு என்னோட திரும்பி வரட்டும். அப்பன் எங்கன்னு கேட்டா பஸ்ஸுல இருக்கறான்னு சொல்லுங்க. நான் எறங்கல. எறங்குனா பின்னாலயே போயிருவேன், என்ற காலு எனக்குத் தெரியும். டிரைவரு டீ குடிச்சுட்டு வரட்டும், இதே பஸ்ஸுல திரும்பிக்கறேன். நான் இந்தப் பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். குடுத்துட்டு ஜன்னல்கிட்ட ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. போங்க, சிங்காநல்லூர் வந்துருச்சு. பையச் சாய்க்காமப் புடிங்க.

வந்துட்டீங்களா? குடுத்தீங்களா?

வாங்கிக்கிட்டாளா. மூணையுமா. மூஞ்சி எளச்சிருக்குதா? வேண்டாம், சொல்லாதீங்க. என்னைத் தேடுனாளா? அப்படியா. பஸ்ஸப் பாத்தாளா. என்னது, அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டாளா? எந்தப் போசியத் தொறக்கறா? அரிசிம்பருப்பா. இருக்கட்டும், இருக்கட்டும். ஸ்பூனு வெச்சேன், தேடச் சொல்லுங்க. கையிலயே அள்ளறாளா. டீக்கடைக்காரரு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா நல்லாருக்கும், அவளுக்கு விக்கும். நீங்க போகாதீங்க, பஸ் எடுக்கற வரைக்கும் இங்கயே நில்லுங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ரெண்டாவது வாய் எடுக்கறாளா? புருவம் என்ன பண்ணுது? நான் திரும்பலீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க.